மூன்றாம் அத்தியாயத்தில் விடுபட்ட வரி

என் எம்.ஃபில். ஆய்வேட்டை முழுக்க டைப் செய்து கொடுத்தவர் என் கணவர். இந்தியப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளில், பெண்கள் மீது நடக்கும் வன்முறை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதுதான் தலைப்பு. எனக்கு அப்போது கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித்தான் தட்ட வரும். அவருக்குப் பத்து விரலும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். பைபிள் வைக்கும் மரத்தாங்கியில் என் நோட்டைச் சாய்த்துவைத்து, அதைப் பார்த்தே அடித்துக்கொண்டு போவார். நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. டீ போட்டுக் கொடுத்தால் போதும்.

அவர் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கடைந்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்கித் தள்ளுவது வேலை. டைப் செய்யும்போதும் அதே கண். என் எழுத்துப் பிழைகளையெல்லாம் பென்சிலால் சுழித்துக் காட்டுவார். “லிட்ரேச்சர் படிச்சவ நீ. ‘சைலன்ஸ்’க்கு ஸ்பெல்லிங் நான் சொல்லித் தர வேண்டியிருக்கு” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் சிரிக்கும்போது கூடவே சிரித்துவிட வேண்டும் என்று கல்யாணமான முதல் வருஷத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பீர்க்கன்கரணையில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவிகளுக்குப் பொது ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான மூன்றாவது மாதம், ஒரு நாள் ஸ்டாஃப் மீட்டிங் இருபது நிமிஷம் நீண்டுவிட்டது. அன்று அவர் என்னைக் கூட்டிப்போக வந்து, கல்லூரி கேட்டுக்கு வெளியே வெயிலில் பைக்கோடு காத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து, பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சளசளவென்று விழ விட்டார். கை கால் கழுவப்போகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்து என் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அறையில் காதுக்குள் ஒரு விசில் சத்தம் கிளம்பியது. பிறகு போய்க் குழாயை மூடினார். வாளி நிரம்பியிருக்கவில்லை.

குழாய்க்கும் அறைக்கும் என்ன சம்பந்தம் என்று புரிய எனக்கு நாலைந்து தடவை ஆயிற்று. கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். மொசைக் தரை, மெல்லிய சுவர். குழாய்ச் சத்தம்தான் கீழே போகும், மற்றது போகாது. புரிந்த பிறகும் நான் எனக்குள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டேன். கோபம் வந்தால் இவருக்குத் தலைகால் தெரியாது, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்துவிடுகிறார் என்று. தெரியாமல் செய்கிறவரை என்றாவது ஒரு நாள் தெரியவைத்துவிடலாம் இல்லையா? அந்த ஒரு நம்பிக்கையில்தான் சமைத்தேன், கல்லூரிக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடினேன்.

மழை பொய்த்துப்போன வருஷங்கள் வந்தன. ஏரி வெடித்துக் கிடந்தது. ஹவுஸ் ஓனர் அக்கா ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை குடம் என்று அளந்து விட்டாள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்போதிலிருந்து அவர் மிக்ஸியைப் போட ஆரம்பித்தார். காலி ஜாரை மாட்டி, வேகத்தைக் கடைசிக்குத் திருப்பிவிடுவார். உள்ளே அரைபட ஒன்றும் இல்லாத மிக்ஸி போடும் கூச்சல் அரைக்கிற சத்தத்தைவிடப் பெரிது. ஒரு நாள் காலையில் துணி காயப்போட இறங்கியபோது அக்கா கேட்டாள்:

“இன்னாம்மா, நேத்து சாயங்காலம் அவ்ளோ நேரம் மிக்ஸி ஓடிச்சே. இன்னா அரைச்ச அப்படி?”

“இட்லிப் பொடி அக்கா.”

“எங்களுக்குக் கொஞ்சம் குடு, பாப்போம்.”

அன்று மத்தியானம் கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் மளிகைக் கடையில் இறங்கி உளுந்தும் மிளகாயும் வாங்கிவந்து, வறுத்து அரைத்து, ஒரு டப்பாவில் போட்டுக் கீழே கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆய்வுத் தலைப்பை நானேதான் தேர்ந்தெடுத்தேன். என் வழிகாட்டி வேறொரு கல்லூரியில் பேராசிரியை, கண்டிப்பானவர். மூன்று தலைப்புகளை எழுதி நீட்டினார். நான் இரண்டாவதைத் தொட்டேன். “தைரியம்தான்” என்றார். தைரியமெல்லாம் இல்லை. அந்த வரியைப் பார்த்ததும் விரல் போய்விட்டது, அவ்வளவுதான். வீட்டில் சொன்னபோது என் கணவர் தலையை ஆட்டினார். “நல்ல டாபிக். நம்ம நாட்டுல பொம்பளைங்க படற கஷ்டம் வெளிய வரணும். நீ எழுது, நான் டைப் பண்ணித் தரேன்.” அதை அவர் உண்மையாகவே சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கல்லூரி நூலகத்தில் ஃபேன் ஓடாத மூலையில் உட்கார்ந்து அந்தக் கவிதைகளைப் படித்தேன். பம்பாயிலும் டெல்லியிலும் கல்கத்தாவிலும் இருந்து எழுதிய பெண்கள், வெளிநாட்டுக்குப் போய் அங்கிருந்து எழுதியவர்கள். வரதட்சிணைக்காக எரிந்தவளைப் பற்றி இருந்தது. படுக்கையில் கல்லாய்க் கிடந்தவளைப் பற்றி இருந்தது. முதுகுத் தழும்பைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு கல்யாண வீட்டில் சிரித்தவளைப் பற்றி இருந்தது. பெரும்பாலான கவிதைகளில் ‘நான்’ இல்லை, ‘அவள்’தான். எழுதியவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு இன்னொருத்தியைக் காட்டுவதுபோல. எனக்கு அந்தத் தள்ளி நிற்பது பிடித்திருந்தது. ஆங்கிலமும் அப்படித்தான். எங்கள் வீட்டுத் தமிழில் இதற்கு இருந்த சொல் ‘கை நீட்டுவது’. ‘கோபத்துல கை நீட்டிட்டார்’ என்றால், ஏதோ ஒன்றை எட்டி எடுக்கப் போனவர் கை தவறிப் பட்டுவிட்டதுபோல இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு நேரான பெயர் இருந்தது. அதை வகுப்பறையில், கரும்பலகையில், கூச்சமில்லாமல் எழுத முடிந்தது. எழுதிவிட்டுத் திரும்பி நின்றால் யாரும் என் முகத்தைத் தேடவில்லை.

ஒரு தடவை அந்தக் கவிதைகளில் ஒன்றைப் பாடத்திட்டத்தில் இல்லாமலேயே முதலாம் ஆண்டு பி.காம். பெண்களுக்கு வாசித்து, தமிழில் பொருள் சொன்னேன். கடைசி பெஞ்சில் கடற்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா மீன் விற்கிறாள். விடிவதற்குள் அம்மாவோடு கூடை தூக்கிவிட்டு, பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். அவள் கையைத் தூக்கினாள்.

“மேம், அந்தம்மா ஏன் இத இங்கிலீஷ்ல எழுதிச்சு?”

“அவங்களுக்கு அந்த மொழியில எழுத வருது.”

“அதில்ல மேம். அவங்க வூட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாதா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, நிஜமாகவே பதில் எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தாள். “எங்கப்பாவுக்குத் தெரியாத பாஷைல எழுதணும்னா எங்கம்மாவுக்கு எதுவும் எழுதவே தெரியாதே மேம், அதான் கேட்டேன்” என்றாள். மணி அடித்துவிட்டது. நான் டஸ்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

மூன்றாம் அத்தியாயம் சமையலறைக் கவிதைகளைப் பற்றியது. அதில் ஒரு சின்னக் கவிதை. புதிதாகக் கல்யாணமானவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அடுத்த பத்தியில் அவள் உதட்டில் ரத்தம் இருக்கிறது, கீரை இன்னும் ஆய்ந்து முடியவில்லை. நடுவில் என்ன நடந்தது என்று கவிஞர் சொல்லவில்லை. இரண்டு பத்திக்கும் நடுவே ஒரு வெற்று வரி மட்டும் விட்டிருக்கிறார். அந்த இடத்தைப் பற்றி எழுதும்போது நோட்டில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘கை ஓங்குவதற்கு முன்னால் இப்படிப்பட்ட வீடுகளில் ஏதாவது ஒரு சத்தம் முதலில் திறந்துவிடப்படுகிறது, அக்கம்பக்கம் கேட்பது அந்தச் சத்தத்தை மட்டும்தான்.’

எழுதும்போது எனக்கு அது விசேஷமாகப் படவில்லை. கவிதையில் இருப்பதை எழுதுவதாகத்தான் நினைத்தேன்.

வழிகாட்டியிடம் நோட்டைக் கொடுத்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். அவருடைய அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

“இது கவிதையில எங்கம்மா இருக்கு?”

நான் கவிதையை எடுத்துத் தேடினேன். நிஜமாகவே தேடினேன். பதினான்கு வரிகளிலும் சத்தம் என்ற பேச்சே இல்லை.

“இல்ல மேடம். எடுத்துடறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அன்று கொஞ்சம் அதிகமாகப் பவுடர் போட்டிருந்தேன். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றும் தோன்றியது. கேட்கவில்லை.

“எடுக்க வேண்டாம்” என்றார். “இந்த அத்தியாயத்துலயே உருப்படியான வரி இதுதான். ஆனா ஆதாரம் வேணும். ஆராய்ச்சின்னா எங்கேர்ந்து வந்ததுன்னு காட்டணும், இல்லையா?”

“சரி மேடம்.”

வீட்டுக்கு வந்து நூலகப் புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். யாராவது ஒரு விமர்சகர், ஏதாவது ஒரு கட்டுரையில், இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்களா என்று. கிடைக்கவில்லை. எனக்கு இருந்த ஆதாரத்தை அடிக்குறிப்பில் போட முடியாது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துப்போய் மரத்தாங்கியில் வைத்தேன்.

அவர் மூன்றாம் அத்தியாயத்தை ஒரே உட்காரலில் முடித்தார். நான் அடுக்களையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கீபோர்டு சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. டீ கேட்பார் என்று பாலை அடுப்பில் வைத்தேன். மறுபடியும் சத்தம் தொடங்கியது. மாலையில் எழுந்து வந்து, முதுகை நெளித்து, “முடிச்சாச்சு. பாவம், என்னமா எழுதியிருக்காங்க அந்தப் பொம்பளைங்க” என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய் நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

பிழை திருத்துவதற்காக அச்செடுத்த தாள்களையும் நோட்டையும் மறுநாள் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். ஸ்டாஃப் ரூமில் ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு கமா கூடத் தப்பில்லை. கீரைக் கவிதை வந்த பக்கத்தில் ஸ்கேல் நின்றது. நோட்டில் இருந்த அந்த வரி தாளில் இல்லை.

கண் தவறி விட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் கண் தாவிவிடும், யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டால் முன்னாலிருக்கும் வாக்கியமும் பின்னாலிருக்கும் வாக்கியமும் ஒட்டாது; நடுவில் ஒரு பள்ளம் தெரியும். பள்ளம் தெரியவில்லை. பின் வாக்கியத்தின் தொடக்கத்தில் மேலும் என்ற பொருளில் நான் எழுதாத ஒரு சொல் இருந்தது: ‘மோர்ஓவர்’. அதற்குப் பிறகு ஒரு கமா. அந்த ஒரு சொல்லால் இரண்டையும் சுத்தமாக ஒட்டவைத்திருந்தார். தெரியாத ஒருவர் வாசித்தால் அங்கே ஏதோ இருந்தது என்றே சந்தேகம் வராது.

ஸ்கேலை அதே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையிலிருந்து ஒரு ஆசிரியை, “என்னாச்சு, உடம்பு சரியில்லையா?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன். என் கணவர் என்னை அடித்த எந்த நாளிலும் எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை. தான் செய்வது தனக்கே தெரியாத ஒருவரோடு இருக்கிறேன் என்று நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த வரியில் தான் இருக்கிறோம் என்று அவ்வளவு கவிதைகளுக்கு நடுவே ஒரே பார்வையில் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்து, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்து, எடுத்துப்போட்டுவிட்டு, இலக்கணமும் பார்த்திருக்கிறார். இனி தெரியவைக்க என்ன இருக்கிறது?

அன்று நான் செய்த காரியம் ஒன்றுதான். பைண்டிங்குக்கு நானே கொடுத்துவிடுகிறேன், கல்லூரிக்குப் பக்கம்தானே என்று சொல்லி அவரிடமிருந்து ஃபிளாப்பியையும் தாள்களையும் வாங்கிக்கொண்டேன். ஒரு மத்தியானம் எனக்கு வகுப்பில்லாத நேரத்தில் மேற்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த டி.டி.பி. கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது என் மாணவிகள் வயதுப் பெண். நோட்டைத் திறந்து, “இந்த வரிய இங்க சேர்க்கணும். இந்தச் சொல்ல எடுத்துடணும்” என்றேன்.

அவள் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே டைப் செய்தாள். கடையில் ஜாதகம் அச்செடுக்க ஒருவர், வாடகை ஒப்பந்தம் போட ஒருவர் என்று நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அந்த வரியை ஒருவர் உரக்கச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மேடம், ஒரு லைன் ஏறினதால பின்னாடி பேஜெல்லாம் நகருது. இண்டெக்ஸ் மாறிடும்” என்றாள்.

“என்ன பண்றது?”

“இடைவெளிய லேசா குறைச்சுடறேன். பாத்தா தெரியாது.”

வாய்மொழித் தேர்வுக்கு என் கணவரும் வந்தார். அரைநாள் லீவு போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, தேர்வாளர்களுக்கு பிஸ்கட்டும் ஃபிளாஸ்கில் காபியும் கொண்டுவந்தார். துறை மாணவிகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நன்றியுரைப் பக்கத்தில் ‘ஒவ்வொரு சொல்லையும் டைப் செய்து தந்த என் கணவருக்கு’ என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தலையைத் தூக்கி, “அவர் வந்திருக்காரா?” என்றார். என் கணவர் எழுந்து கும்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

தேர்வாளர் வயதானவர், நல்ல மனிதர். முதலிரண்டு அத்தியாயங்களைப் பற்றி எளிதாகவே கேட்டார். பிறகு அடையாளத்துக்குத் தாள் செருகிவைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“இதுக்கு அடிக்குறிப்பு இல்லையே. எங்கேர்ந்து எடுத்தீங்க?”

வழிகாட்டி தன் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே என் கணவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த அறையில் முப்பது பேர் இருந்தார்கள், பகல் பதினோரு மணி, கதவு திறந்திருந்தது. அதைவிடப் பத்திரமான இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

“என்னோட யூகம் சார்” என்றேன்.

“ஆஹா. அருமையான யூகம்” என்றார். பக்கத்தைத் திருப்பினார்.

பிறகு பல வருஷம் அந்தப் பதிலை நினைத்து நினைத்துக் கூசியிருக்கிறேன். நான் படித்த கவிதைகளில் ‘அவள்’ என்று தள்ளி நின்று எழுதியவர்களைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருந்தேன். அவர்கள் ஏன் அப்படி எழுதினார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

திரும்பும் வழியில் அவர் பைக்கை நிறுத்தி ஹவுஸ் ஓனர் வீட்டுக்கும் எங்களுக்கும் மைசூர்பாகு வாங்கினார். வீட்டுக்குள் வந்து செருப்பை ஓரத்தில் வைத்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன், மிக்ஸிக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு. அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்க டைப் பண்ணின?”

“பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு கடையில.”

“எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?”

நான் விரல் விட்டு எண்ணினேன், கணக்குப் பரீட்சையில் எண்ணுவதுபோல. “அஞ்சு பேர் இருக்கும்.”

“சரி” என்றார். “லைப்ரரில வெச்சிடுவாங்க. தூசி படிஞ்சு கிடக்கும். விடு.”

அன்று அவர் கை நீட்டவில்லை. ஏழெட்டு மாதம் நீட்டவில்லை. ஆனால் அந்த வாரமே தொழிற்சாலையில் காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, தினமும் நாலு மணிக்குக் கல்லூரி வாசலில் பைக்கோடு வந்து நின்றார். நான் எழுதும் எதையும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. மாணவிகளின் விடைத்தாளில் நான் எழுதும் குறிப்புகளைக்கூடப் புரட்டிப் பார்ப்பார். “உங்க வீட்டுக்காரர் எவ்ளோ அக்கறையா இருக்காரு” என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். முன்பாவது எனக்கு பஸ்ஸில் அரை மணி நேரம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை கீழ்க்கட்டளையில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அவரே கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனார். அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தங்க எழுத்து அட்டையைத் தடவிப்பார்த்தாள். நன்றியுரையைப் படித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எந்த மாப்பிள்ளைம்மா பொண்டாட்டிக்கு உட்கார்ந்து நூறு பக்கம் டைப் அடிச்சுக் குடுப்பான்? சபையில எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.”

“அம்மா, அவர் அடிக்கிறாரும்மா.”

“ஆமா, பார்த்திருக்கேனே. பத்து விரலையும் வெச்சு எவ்ளோ ஸ்பீடா அடிக்கிறார்.”

“என்னை அடிக்கிறாரும்மா.”

பக்கத்தைத் திருப்பப்போன அம்மாவின் கை அப்படியே நின்றது. வெளியே பல்லாவரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தாள்.

“கோபத்துல எப்பவாவது கை நீட்டியிருப்பார்.”

“எப்பவாவது இல்ல.”

“நீ ஏதாவது எதிர்த்துப் பேசினியா?”

அம்மா ஆய்வேட்டை மூடி ஷோகேஸில், என் சின்ன வயசுப் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். “ஜெபம் பண்ணலாம். இதை வெளியில யார்கிட்டயும் சொல்லாத. அவர் சபைக் கமிட்டியில இருக்கார். நாளைக்கு அவர் முகத்துல எப்படி முழிக்கறது?” என்றாள். அவர் நல்லவர் என்பதற்கு அம்மாவிடம் அட்டை போட்ட சாட்சி இருந்தது. அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான். சாயங்காலம் அவர் வந்தபோது அம்மா வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். நான் அவர் பின்னால் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேல் அந்த வீட்டில் இருந்தேன். மறுபடியும் தொடங்கியதும் எல்லாம் முன்போலவே நடந்தது. அதைத் திரும்ப விவரிக்க எனக்கு விருப்பமில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. எல்லோரும் அதற்காக எனக்காக ஜெபித்தார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கல்லூரி விடுதியின் வார்டன் வேலையை விட்டுப் போனபோது முதல்வர் ஆள் தேடினார். விடுதியிலேயே தங்க வேண்டும் என்பதால் யாரும் முன்வரவில்லை. நான் போய் நின்றேன்.

“உங்க வீட்டுல சம்மதமா?”

“சம்மதம் மேடம்.”

வாய்மொழித் தேர்வில் சொன்னதுபோல இதுவும் பொய்தான். இந்தத் தடவை சொல்லும்போது கூசவில்லை. ஒரு புதன்கிழமை வழக்கம்போல டிபன் பாக்ஸும் விடைத்தாள் கட்டுமாகக் கல்லூரிக்குப் போனேன். நாலு மணிக்கு வாசலுக்குப் போகாமல், பின்பக்கமாக நடந்து விடுதி மாடிக்கு ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பைக் நின்றது. வாட்ச்மேன் போய் ஏதோ சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஆறு மணி வரைக்கும் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பதினோரு நாள் வந்தார். நான் விடுதிக்கும் வகுப்பறைக்கும் நடுவில் இருந்த எண்பது அடியில் மட்டும் நடமாடினேன். சோப்பு வாங்கக்கூட மாணவிகளை அனுப்பினேன். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு அறைக்கு மாறியிருக்கிறேன், அவ்வளவுதான் என்று பட்டது. சபையிலிருந்து ஆயர் வந்து பேசினார். உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். திரும்பிப் போக மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவரிடம் தமிழில்தான் சொன்னேன், ‘அடித்தார்’ என்றே சொன்னேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த நாள் அம்மா வந்தாள். ஒரு பையில் என் பழைய புடவைகள், ஒரு தலையணை, எலுமிச்சை ஊறுகாய். இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைத்தாள். கடைசிப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

“நல்லவர்னு நினைச்சேன்.”

“நானும்தாம்மா.”

நாலு மணி ஆகிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் அம்மா கீழ்க்கட்டளைக்கு பஸ் பிடிக்க வேண்டும். அவளைக் கொண்டுபோய் விட எனக்கு ஆசை; படியிறங்கி, வராந்தா முடிவு வரைக்கும் வந்து, அதற்குமேல் கால் எழாமல் நின்றுவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளே குடையை ஊன்றிக்கொண்டு தனியாக கேட் வரைக்கும் நடந்துபோனாள். வாட்ச்மேனைத் தாண்டி ரோட்டில் இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நன்றாகப் பார்த்தாள். அங்கிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

“வா. யாரும் இல்ல.”

பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன்.